ஐப்பசியில் பசை காயாது

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்கென்றே வீடியோக்கள் வந்து விழும். வளைகாப்புத் தட்டுக்குக் காகித மயில், பிறந்தநாளுக்குக் காகிதப் பூங்கொத்து, கொலு பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னப் பெட்டி. கீழேயே ஒரு வரியும் இருக்கும்: "இது ஒண்ணும் பெரிய வேலை இல்லடி, நீ நெனச்சா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவே." அனுப்புவது சித்தியோ பெரிய அத்தையோ. அவர்களிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அந்த வீடியோக்களைப் பார்த்தால் எல்லாமே ஒட்டு வேலை. சூடான பசையைப் பிதுக்கி ஒட்டு, அதன் மேல் ஜிகினா தூவு, அதன் மேல் முத்து ஒட்டு. அதை எடுத்த ஊரில் வெயில் அடிக்கிறதோ ஏசி ஓடுகிறதோ, வைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. இங்கே மாயவரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே காய மாட்டேன் என்கிறது, பசை எங்கே காயும்? காய்ந்தாலும் அட்டை வளைந்து போகும், ஓரம் பிரியும், மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மயிலுக்கு வால் இருக்காது.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம், சின்னக் காகிதப் பொருள் என்றால் முடிந்தவரை மடித்தே முடிப்பது. பசையை வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் எடுப்பேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. மளிகைக்கடையில் கடுகும் சீரகமும் கட்டித் தந்த பொட்டலத்தில் ஒரு சொட்டுப் பசை கிடையாது, மடிப்பும் நூலும்தான், அது வீடு வந்து சேரும்வரை பிரியாது. கல்யாண வாசலில் கட்டும் தென்னங்குருத்துத் தோரணத்தைப் பாருங்கள், குருவி குருவியாகத் தொங்கும், எல்லாம் கீறி மடித்துச் செருகியதுதான். (அதிலும் சுபத்துக்கு ஒரு மடிப்பு, துக்கத்துக்கு வேறு மடிப்பு. தெரியாமல் கை வைத்தால் பெரியவர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.) மடிக்கும் கை நம் ஊரில் ஏற்கனவே இருக்கிறது, ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மடிப்பை நம்பி இறங்கினால் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓலைக்கு நரம்பு ஓடும் திசை இருப்பதுபோல் காகிதத்துக்கும் உண்டு. மிஷினில் கூழ் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் அது ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும், காரணம் இதுதான். நார் ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு கத்தியாக விழும், குறுக்கே மடித்தால், அதுவும் கெட்டி அட்டையில், மடிப்பில் வெடிப்பு விடும். அப்புறம் ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் மாறாது, பருமனில்தான் உப்பும், அதனால்தான் பசை தடவிய அட்டை ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். சந்தேகம் இருந்தால் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராமோ அதுதான் அந்த எண். கடைக்காரர் "இது கெட்டி பேப்பர்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார், கட்டைப் பிரித்து உதிரியாகக் கொடுத்தால் அட்டையில் எழுதியிருப்பதும் நமக்குத் தெரியாது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 16 ஏ4 தாள் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர், ஆகவே 16 தாளைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் தாள் 70, 75, 80 என்று வரும், மடிக்க அது தாராளம். நிற்க வேண்டிய பெட்டிக்கு 180க்கு மேல் வேண்டும். கெட்டி அட்டையை அப்படியே கையால் மடிக்காதீர்கள், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் வெடிக்காது. வெறும் பேனாக்களை நான் தூக்கிப் போடுவதே இல்லை, வீட்டில் இதற்காகவே ஒரு டப்பா நிறைய இருக்கிறது, அதற்கு வாங்கும் திட்டு தனி.

காகிதமும் காவிரிக்கரைச் சரக்குதான். ஆற்றோடு மேலே போனால் கரூருக்குப் பக்கத்தில் புகளூர். 1979இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிற இடம். அந்த இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர் வந்துவிட்டது.

சரி, செய்வதற்கு வருவோம். ஒரே ஒரு பொருளைத்தான் கற்றுக்கொள்வேன் என்றால் மொய் கவரைக் கற்றுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் கவரில் எனக்கு மூன்று குறை. பளபளவென்று ஜிகினாப் பூச்சு போட்டிருப்பதால் பேனா எழுதாது, பேரும் ஊரும் எழுத இடம் தேட வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் பையிலேயே கழன்று விழுந்துவிடும். மொய் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் கவரை டர்ரென்று கிழிப்பார், சில சமயம் நோட்டும் சேர்ந்து கிழியும். மடித்த கவரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஒரு ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வையுங்கள், நீளப் பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். இடமும் வலமும் 6.6 சென்டிமீட்டர் உள்ளே மடித்தால் நடுவில் 16.5 நிற்கும். இப்போது ஓடும் 500, 200, 100 எல்லாம் 66 மில்லிமீட்டர் அகலம்தான், நீளத்தில்தான் வித்தியாசம், 500 நோட்டு 150 மில்லிமீட்டர். பழைய பெரிய 100 ரூபாய் நோட்டு 157க்கு 73, அதுவும் இதில் அடங்கும். மடித்த இரண்டு இறக்கையையும் திறந்து, மேலே 6 சென்டிமீட்டர், கீழே 7 சென்டிமீட்டர் விட்டு, நடுவில் உள்ள 8 சென்டிமீட்டர் பகுதியில் நோட்டை வைத்து, மறுபடி இறக்கைகளை மூடுங்கள். இப்போது கீழிருந்து 7 சென்டிமீட்டரை மேலே மடியுங்கள். மேலே மிச்சமிருக்கும் 6 சென்டிமீட்டரின் இரண்டு மூலையையும் லேசாகச் சாய்த்து வெட்டிவிட்டு, கீழே மடித்து, அதன் முனையை எதிரே இருக்கும் மடிப்பின் பைக்குள், அதாவது தாளுக்கும் இறக்கைக்கும் நடுவே, செருகிவிட வேண்டும். மூலையை வெட்டாவிட்டால் உள்ளே நுழையாமல் முரண்டு பிடிக்கும். அவ்வளவுதான், குலுக்கினாலும் திறக்காது. ஆனால் மொய் எழுதுகிறவர் ஒரு விரலால் திறந்துவிடலாம், அந்தக் கவரை வீட்டுக்காரர் அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளவும் செய்யலாம். (வைத்துக்கொள்கிறார்கள், நான் கொடுத்த கவர் எனக்கே திரும்பி வந்திருக்கிறது.)

ஒரு ரூபாய்க்கு முன்பக்கத்தில் பிளேடால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல், நாணயத்தின் குறுக்களவைவிடக் கொஞ்சம் நீளமாக. நடுவில் ஒரு பட்டை நிற்கும், அதன் அடியில் நாணயத்தை நுழைத்தால் இரண்டு பக்கமும் பாதி பாதி தெரியும். கீறலை மடிப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், நோட்டு உள்ளே இருக்கும்போது பிளேடு எடுக்க வேண்டாம்.

தாம்பூலத்தில் குங்குமமும் கற்கண்டும் போட இதே மடிப்பைச் சின்ன சதுரத்தில் செய்யலாம், பழைய மருந்துக்கடையில் பொடி மடித்துத் தந்ததும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் பொட்டலம் கட்டினால் பழைய காலத்து அழகு வரும், உண்மைதான், படம் எடுத்துப் போட்டால் நாலு பேர் ஆஹா என்பார்கள். ஆனால் தின்கிற பொருளை அச்சடித்த தாளில் வைக்க வேண்டாம், மையில் இருப்பது தின்பண்டத்தில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்த விஷயம் இது. உள்ளே ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்துவிட்டு வெளியே என்ன வேண்டுமானாலும் சுற்றுங்கள்.

பிள்ளைகள் பிறந்தநாள் என்றால் நான் எதையும் செய்துகொண்டு போவதில்லை, பட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், ஏ4 தாளின் நீளவாக்கில், நார் ஓடும் திசையில். நாலு பட்டையையும் தனித்தனியே பாதியாக மடித்து ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றைக் கோத்து வட்டமாகச் சுற்றி வந்து இழுத்தால் நடுவில் பின்னல் சதுரம் விழும், நாலு பக்கமும் இறக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைத் தளர்வாகக் குத்தினால் காற்றாடி. ஓலைக் காற்றாடி செய்த தாத்தா யாராவது அந்த வீட்டில் இருந்தால் நமக்கு வேலை மிச்சம், அவர் உட்கார்ந்துவிடுவார், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடும், கேக் வெட்டக் கூப்பிட்டாலும் எழுந்து வராது. கடையில் வாங்கிய ரிட்டர்ன் கிஃப்டுக்கு இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

பசை இல்லாமல் நடக்காத இடங்களும் உண்டு. ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் தெருவில் இழுக்கும் சப்பரத்தில் கலர் பேப்பர் ஒட்டத்தான் வேண்டும். கோயில் திருவிழாவுக்குத் தெருவின் குறுக்கே கட்டும் தோரணத்தில் ஒவ்வொரு தாளையும் நூல் மேல் மடித்து ஒட்டுவார்கள். அதெல்லாம் நடுவில் பிளாஸ்டிக்காக மாறிப்போயிருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்த பிளாஸ்டிக் பொருள்களில் கொடிகளும் அடக்கம், அதைக் காட்டியாவது காகிதத்துக்குத் திரும்பச் சொல்லலாம், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வேலைக்கு மைதாப் பசை காய்ச்சுவதே நல்லது, தாளும் நூலும் இரண்டையும் பிடிக்கும். ஆனால் மாவுப் பசை என்றால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்கிறவர்கள் காகிதக் கூழோடு மரவள்ளி மாவுப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் மயில்துத்தம் வாங்கிவிடாதீர்கள், விஷம் அது, பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் கூடாது. திருவிழா முடிந்ததும் தூக்கிப் போடுகிற பொருள்தானே, பூச்சி வருவதற்குள் முடிந்துவிடும். வைத்திருக்க வேண்டியதற்கு பெவிகால் போடுங்கள், அதுவும் பிதுக்கி ஊற்றாமல் பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தால் மெல்லிசாக இழுத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி வையுங்கள்.

கிரேப் பேப்பரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பூ செய்ய அழகாக இருக்கும், இழுத்தால் இதழ் தானாக வளையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை மலிவான தாளில் சாயம் நிற்பதில்லை. வியர்த்த கை பட்டால் கையில், மழைச்சாரல் பட்டால் மண்டபச் சுவரில், வரவேற்பில் நிற்கிற பெண்ணின் தோளில் உரசினால் பட்டுப்புடவையில். முக்கியமாகச் சிவப்பும் ஊதாவும். வாங்குவதற்கு முன் ஈர விரலை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மழை மாதத்தில் செய்து வைத்ததைப் பத்திரப்படுத்த மூடி இறுக்கமான சில்வர் சம்படம் போதும், உள்ளே செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு, பிள்ளைகள் எடுக்க முடியாத உயரத்தில் வையுங்கள். தாள் கட்டையும் தரையில் வைக்காதீர்கள், எங்கள் பக்கத்துத் தரை ஈரத்தை உறிஞ்சி அடித்தாள் முழுக்க அலை அலையாகிவிடும். எண்ணிக்கை விஷயத்தில் கறாராக இருங்கள். ஐம்பது கவர் என்றால் டிவி பார்த்துக்கொண்டே மடித்துவிடலாம், முந்நூறு என்று யாராவது ஆரம்பித்தால், "சரி சித்தி, தாளை வாங்கி வச்சுட்டு வீட்டுல நாலு பேரை உட்கார வைங்க, நான் வந்து மடிப்பு சொல்லித் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதோடு முந்நூறை நூறாக்கிவிடுவார்கள்.