நடுவிலக்கு விதி இல்லாமல் கணிதம்: வேலூர் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு

காட்பாடி, சேர்க்காடு பக்கம் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இன்டியூஷனிஸ்டிக் லாஜிக்கில் (‘எந்தக் கூற்றும் உண்மை, இல்லாவிட்டால் அதன் மறுப்பு உண்மை’ என்ற நடுவிலக்கு விதியை வைத்துக்கொள்ளாத தர்க்கம்) ஆய்வுக்குப் போக நினைப்பவர்கள், முதலில் தங்கள் ரியல் அனாலிசிஸ் நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இது முரண், எனவே’ என்று எழுதிய இடமெல்லாம் வட்டம் போடுங்கள். நாற்பது பக்கம் போதும். வட்டங்கள் இரண்டு வகையாகப் பிரியும். அந்தப் பிரிவு பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

√2 விகிதமுறு எண் என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டுக்கு வந்து, ‘எனவே விகிதமுறு எண் அன்று’ என்று முடிப்பது முதல் வகை. இதை இந்த வழியைத் தொடங்கிய பிரௌவரும் மறுக்க மாட்டார். ‘¬ப’ (ப அன்று) என்பதன் பொருளே ‘ப-வை வைத்துக்கொண்டால் முரண்பாடு வரும்’ என்பதுதான். ‘அப்படி ஓர் எண் இல்லை என்று கொள்வோம், முரண், எனவே உண்டு’ என்பது இரண்டாம் வகை. உண்டு என்றால், அந்த எண் எங்கே? ‘முரண்பாட்டு நிரூபணத்தையே இவர்கள் ஏற்பதில்லை’ என்று செமினாரில் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கியவர்களே.

அடிமானமும் அடுக்கும் விகிதமுறா எண்களாக இருந்து, விடை விகிதமுறு எண்ணாக வருமா? வழக்கமான நிரூபணம், √2-இன் √2 அடுக்கு விகிதமுறு எண்ணானால் அதுவே விடை என்கிறது. ஆகாவிட்டால் அதை மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்து, 2 வரும் என்கிறது. இரண்டில் எது என்று அது சொல்வதில்லை. நேர்வழியும் இருக்கிறது. அடிமானம் √2, அடுக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்ட 9-இன் மடக்கை. விடை 3. அந்த மடக்கை ம/ந என்றால் 2-இன் ம அடுக்கும் 9-இன் ந அடுக்கும் சமமாக வேண்டும். ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை. முடிந்தது. இரண்டு நிரூபணங்களையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்.

அடுத்த மூன்று வாரம், விதி விதியாக அடியெடுத்து முடிவுக்கு வரும் கென்ட்சனின் நேச்சுரல் டிடக்‌ஷன், கையால் மட்டும். ¬¬¬ப-விலிருந்து ¬ப வருகிறதா, டி மார்கன் விதிகளில் எந்தத் திசை உடைகிறது என்று போட்டுப் பாருங்கள். ‘¬(ப ∧ க)’-விலிருந்து ‘¬ப ∨ ¬க’ மட்டும் வராது (∧ என்றால் ‘மற்றும்’, ∨ என்றால் ‘அல்லது’). மற்ற மூன்று திசைகளும் வரும். ¬¬(ப ∨ ¬ப) கட்டாயம் போட வேண்டிய கணக்கு. ¬(ப ∨ ¬ப) என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ப என்றால் ப ∨ ¬ப வந்து முரணாகும்; ஆகவே ¬ப. அப்படியானால் மறுபடி ப ∨ ¬ப, மறுபடி முரண். ஆக, நடுவிலக்கு விதியை நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. கிளிவென்கோ 1929-இல் காட்டியதன் தொடக்கம் இங்கேதான்: புரொபொசிஷனல் லாஜிக்கில் கிளாசிக்கலாக (நடுவிலக்கு விதியை ஏற்கும் வழக்கமான முறையில்) நிரூபிக்க முடிகிற எதற்கும், முன்னால் ¬¬ சேர்த்தால் இங்கேயும் நிரூபணம் கிடைக்கும்.

‘நிரூபிக்க முடியாது’ என்பதை எப்படி நிரூபிப்பது? உண்மை அட்டவணை உதவாது; எத்தனை மதிப்பு வைத்தாலும், அவை முடிவுள்ளவையாக இருந்தால் போதாது என்று கோடல் 1932-இல் காட்டிவிட்டார். இங்கே வேண்டியது கிரிப்கி மாடல்: நாம் அறிந்தது கூடக்கூட மேலே போகும் புள்ளிகளின் படம். ‘இந்த ஆண்டு பாலாற்றில் தண்ணீர் ஓடியது’ என்பதை ப என்று கொள்ளுங்கள். ஜூன் ஒரு புள்ளி, தண்ணீர் வந்துவிட்ட நவம்பர் அதற்கு மேல் ஒரு புள்ளி. ஜூனில் ப தெரியாது. ¬ப-வும் சொல்ல முடியாது. அதற்கு மேலே எந்தப் புள்ளியிலும் ப வரக்கூடாதே. நடுவிலக்கு விதி ஜூனில் விழுந்தது. இனி, தண்ணீரே வராமல் ஆண்டு முடிந்த மூன்றாவது புள்ளியை ஜூனிலிருந்து தனிக் கிளையாகப் போடுங்கள். ¬ப ∨ ¬¬ப-வும் ஜூனில் விழும். ஒரு புள்ளியில் உண்மையானது மேலே போனால் பொய்யாகக் கூடாது என்ற நிபந்தனையை மறந்தால் மாடல் முழுவதும் கெடும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான்.

இதன் பிறகு நோட்டுக்குத் திரும்பி, இடைமதிப்புத் தேற்றத்தின் (எதிர்மத்திலிருந்து நேர்மத்துக்குப் போகும் தொடர்ச்சியான சார்பு நடுவில் எங்கோ பூச்சியமாகும்) இருசமக்கூறிடலை, அதாவது இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவதைப் பாருங்கள். நடுப்புள்ளியில் மதிப்பு நேர்மமா, எதிர்மமா, பூச்சியமா என்று தீர்மானிக்கும் வரி நிற்காது. ‘ஒரு நேர்ம எண் ε தந்தால், மதிப்பு -ε-ஐ விடப் பெரிது, அல்லது ε-ஐ விடச் சிறிது’ என்று சொல்ல முடியும். ஆகவே மதிப்பு ε-க்குள் அடங்கும் புள்ளி கிடைக்கும். சரியாகப் பூச்சியமாகும் புள்ளி பொதுவாகக் கிடைக்காது.

நிரூபணங்களைக் கணினியில் சரிபார்க்க அக்டா என்ற மென்பொருள் நல்லது. அதே வகையான லீனில் எழுதினால், ‘பிரின்ட் ஆக்சியம்ஸ்’ கட்டளை கொடுத்து ‘கிளாசிக்கல் சாய்ஸ்’ பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். தானாகச் சுருக்கும் ‘சிம்ப்’ கட்டளை சத்தமில்லாமல் அதை உள்ளே கொண்டுவரக்கூடும். சாய்ஸ் ஆக்சியத்திலிருந்தே (வெறுமையற்ற கணங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது) நடுவிலக்கு விதி வந்துவிடும் என்பது டயகோனெஸ்கு 1975-இல் நிரூபித்தது. நெட் தேர்வில் இந்தக் கவனம் எதுவும் வேண்டாம். அங்கே கிளாசிக்கலாகவே எழுதுங்கள்.

வழிகாட்டி கணிதத் துறையில் கிடைக்காவிட்டால் கணினித் துறையில், அக்டா, லீனுக்கு அடிப்படையான டைப் தியரி தெரிந்தவரைக் கேளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்னை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகமும் இருக்கின்றன. ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எந்தக் கணிதம் என்று எழுதிவிடுங்கள். பிஷப் 1967-இல் நூலாக எழுதிய வழியில் நிரூபித்தது கிளாசிக்கல் கணிதத்திலும் உண்மை. பிரௌவரின் வழியில் [0,1]-இல் வரையறுத்த மெய்மதிப்புச் சார்பு ஒவ்வொன்றும் சீரான தொடர்ச்சி உடையது. கிளாசிக்கலில் அது பொய். எல்லாவற்றையும் கணிமுறைகளாகக் கொள்ளும் மார்கோவின் ரஷ்ய வழியிலோ தொடர்ச்சி வரும், சீர்மை வராது.