பின்வாசல் வழியே என்ன போகிறது: வளாக நிலைத்தன்மை நிகழ்வின் ஏற்பாட்டுக் குறிப்புகள்

ஜனவரி 8 (இன்னும் 8 வாரம்)

மார்ச் 5, 6 இரண்டு நாளும் நிகழ்வு. பேச்சரங்கு, பட்டறை, பழுதுபார்க்கும் மேசைகள், துணிப் பரிமாற்றம். நாளொன்றுக்கு 400 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம்.

இலச்சினை, தலைப்பு, பேச்சாளர் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, எதை அளக்கப்போகிறோம் என்பதை முதலில் எழுதினோம். குப்பை, சாப்பாட்டு மிச்சம், மின்சாரம், வந்துபோகும் பயணம் ஆகிய நான்கு போதும். பத்து அளவுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டால் நிகழ்வு நாளின் நெருக்கடியில் ஒன்றுகூட உருப்படியாகக் கைக்கு வராது. நிகழ்வுகளை நிலைத்தன்மையோடு நடத்துவதற்காக, லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி 2012இல் வந்த ஐஎஸ்ஓ 20121 என்ற பன்னாட்டுத் தரநிலை மாணவர் குழுவுக்குப் பெரிய சட்டைதான். ஆனாலும் அதன் முதுகெலும்பை எடுத்துக்கொள்ளலாம்: எல்லையை எழுத்தில் வரையறுப்பது, இலக்கை முன்கூட்டியே வைப்பது, நடக்கும்போது அளப்பது, முடிந்ததும் திருத்துவது.

ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் மட்டும் பொறுப்பென்றால் உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் அந்தக் குழுவே நின்றுவிடும். இரண்டு பேரும் வெவ்வேறு துறையாக இருந்தால் தேர்வு ஒரே நாளில் வந்து மோதாது.

ஜனவரி 14

அனுமதிக் கடிதம் போவதற்கு முன் துப்புரவுப் பணியாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதை விட்டுவிடும் மாணவர் குழுக்களே அதிகம். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கதவு வழியாக, பைகளை யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்காது, அவர்களுக்குத்தான் தெரியும்.

கூடவே ஒரு பையைக் கடைசிவரை பின்தொடருங்கள். மூன்று நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட்ட குப்பை பின்வாசலில் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவது பல வளாகங்களில் நடக்கிறது. அப்படியானால் தொட்டி வாங்குவதில் பயனில்லை. எந்தப் பிரிவை யார், எந்த நேரத்தில் எடுத்துக்கொள்வார் என்று உறுதியான பிறகே எத்தனை பிரிவு என்று முடிவெடுக்க வேண்டும். இங்கே மூன்றுக்குத்தான் வழி இருக்கிறது: உரக்குழிக்குப் போவது, மறுசுழற்சிக்காரர் எடுப்பது, மீதி.

தோட்டப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்றிலிருந்து காய்ந்த சருகை மூட்டையாகச் சேர்த்துவைக்க வேண்டும். காரணம் பிப்ரவரி 12 குறிப்பில்.

ஜனவரி 27

அடிப்படைக் கணக்கு. கேன்டீனின் ஒரு நாள் குப்பை முழுவதையும் தரம் பிரித்து எடை போட்டோம். தேவைப்பட்டவை: 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய், தடித்த கையுறை, முகக்கவசம், நீள இடுக்கி, தொங்கு தராசு, ஆறு வாளிகள். வாளிகளை வெறுமையாக எடை போட்டு அந்த எண்ணை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிட வேண்டும். நடுவில் வாளி மாறிப்போனாலும் கணக்குப் பிசகாது.

ஒருவர் எடை சொல்ல, இன்னொருவர் எழுதி, எழுதியதைத் திரும்பச் சத்தமாகப் படிக்க வேண்டும். கிளறுபவர் எழுதக் கூடாது, தாள் நனைந்து வீணாகும். கண்ணாடி, ஊசி, மருந்துப் பொருள் தென்பட்டால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துத் தனிப் பெட்டியில் போடுங்கள்.

ஈரக் கழிவு எடையில் முந்திவிடும். பிளாஸ்டிக் எடையில் சிறியது, ஆனால் தொட்டியில் அடைக்கும் இடம் பெரியது. அதனால் எடையோடு எத்தனை பை நிறைந்தது என்றும் குறித்துக்கொள்கிறோம்.

பிப்ரவரி 3

கொள்முதல். உள்ளே வராத பொருளைப் பிரிக்கவும் வேண்டாம், எடை போடவும் வேண்டாம், அதை எங்கே அனுப்புவதென்று தலையைப் பிய்த்துக்கொள்ளவும் வேண்டாம். எட்டு வாரத்தில் மிக முக்கியமான நாள் இதுதான் என்று சொல்வேன்.

காகிதக் கோப்பை வேண்டாம். அதன் உட்புறம் மெல்லிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் உரக்குழியிலும் முழுதாக மக்காது, சாதாரணக் காகிதத்தோடும் சேராது. 'மக்கும்' என்று விற்கப்படும் பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பைக்கு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். வளாகத்துச் சிறு குழியில் அது அப்படியே கிடக்கும். போதாக்குறைக்கு, பார்வைக்குச் சாதாரண பிளாஸ்டிக் போலவே இருப்பதால் மறுசுழற்சி மூட்டையிலும் கலந்து அதையும் கெடுக்கும்.

ஆகவே எஃகுக் குவளை. நாளுக்கு இரண்டு தேநீர் இடைவேளை, 400 பேர், இரண்டு நாள்: 1,600 கோப்பை மிச்சம். இதற்கு 1,600 குவளை தேவையில்லை. ஓர் இடைவேளைக்கு 400, தொலைவதற்கும் தாமதமாகத் திரும்புவதற்கும் 60 சேர்த்து 460. விடுதிச் சமையலறையில் கடன் கேட்டு, எண்ணிக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும்.

இதில் இடிக்கும் இடம் கழுவுவது இல்லை, உலர்த்துவது. துணியால் துடைத்தால் ஒரு குவளையின் அழுக்கு நூறு குவளைக்குப் போகும், காற்றில்தான் உலர வேண்டும். 60×40 சென்டிமீட்டர் ஓட்டைத் தட்டில் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளை 35 நிற்கும். 460க்கு 14 தட்டு, அவற்றை அடுக்கத் தாங்கி, அதை வைக்க நிழலான இடம். குவளை கிடைத்தும் தட்டு இல்லாததால் மாலை இடைவேளையில் காகிதக் கோப்பைக்குத் திரும்பிய நிகழ்வுகள் உண்டு.

ஃப்ளெக்ஸ் பேனர் இல்லை. அது பிவிசி பிளாஸ்டிக் பூசியது, அடுத்த ஆண்டு தேதி மாறினால் எதற்கும் உதவாது. துணிப் பேனரில் ஆண்டும் தேதியும் எழுதாமல், அவற்றைத் தனித் துண்டில் எழுதி ஊசி குத்திக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

சாப்பாடு. இலவச நிகழ்வில் பதிவு செய்தவர்கள் அனைவரும் வருவதில்லை. பதிவு எண்ணிக்கையை அப்படியே சமையலறைக்குக் கொடுத்தால் மிச்சம் மலைபோல் நிற்கும். அதனால் மதிய உணவுக்குத் தனி டோக்கன். மார்ச் 2 மாலைக்குள் உறுதி செய்தவர்களுக்கு மட்டும். சமைப்பதும் இரண்டு தவணையில்: முதல் தவணை மூன்றில் இரண்டு பங்கு, வரிசையின் நீளத்தைப் பார்த்த பிறகே அடுத்தது. பரிமாறும் கரண்டி சிறியதாக இருக்கட்டும், கேட்பவருக்கு மறுமுறை போடலாம்.

சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. மிச்சத்தைப் பெறுபவர், பாத்திரம், வண்டி மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சாப்பாடு முடிந்த பிறகு தொலைபேசியில் ஆள் தேடினால் அந்த 2 மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தட்டில் மிஞ்சுவது உரக்குழிக்கு. ஒரு வாளி உணவுக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி சருகு. சருகில் கார்பன் அதிகம், உணவுக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25–30க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால்தான் குழி நாறாமல் சூடாகும். சருகு குறைந்தால் ஈரம் கட்டி, காற்றுப் புகாமல் அழுகும். ஜனவரியிலேயே மூட்டை கேட்டது இதற்காகத்தான்.

பிப்ரவரி 19

அரங்கத் தேர்வு. ஒரு புரொஜெக்டர் 300 வாட் என்றால் 7 மணி நேரத்துக்கு 2.1 யூனிட். ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும் ஆறு குளிர்சாதனங்கள் அதே நேரத்துக்கு 63 யூனிட். விளக்கை அணைப்போம் என்று சுவரொட்டி ஒட்டுவதைவிட, 400 பேருக்கு ஆயிரம் இருக்கை அரங்கை எடுக்காமல் இருப்பது பெரிய சேமிப்பு. ஜன்னல் திறக்கும் நடுத்தர அரங்கை எடுத்தாயிற்று.

ஜெனரேட்டர் ஓடினால் டீசல் லிட்டரையும் குறிக்க வேண்டும். ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

பிப்ரவரி 26

தொட்டி நிலையங்கள். மூன்று தொட்டியும் எப்போதும் சேர்ந்தே நிற்க வேண்டும். தனியாக ஒன்று நின்றால் எல்லாம் அதில்தான் விழும். எனவே அரங்கிலும் நடைவழியிலும் ஏற்கெனவே இருக்கும் ஒற்றைத் தொட்டிகளை இரண்டு நாளைக்கு எடுத்துவிட அனுமதி வாங்கியிருக்கிறோம். பலகையில் சொற்களைவிட அன்று உண்மையில் கொடுக்கப்படும் பொருளையே ஒட்டலாம்: அதே காகித உறை, அதே மூடி. பலகை கண் உயரத்தில் வேண்டும், தொட்டியின் வயிற்றில் ஒட்டினால் வரிசையில் நிற்பவர் கண்ணில் படாது.

நிலையத்துக்கு இரண்டு தன்னார்வலர், 2 மணி நேர முறை. அதற்கு மேல் நின்றால் கவனம் போய்விடும்.

மார்ச் 3

ஒத்திகை. குடிநீர்க் குழாய் ஒன்றில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வருகிறது. அரை லிட்டர் புட்டிக்கு 15 விநாடி, ஆள் மாற 5 விநாடி. 30 நிமிட இடைவேளையில் ஒரு குழாய்க்கு 90 பேர். 200 பேர் நிரப்புவார்கள் என்று கொண்டால் மூன்று குழாய் போதும்.

மார்ச் 5

போதவில்லை. நேற்று முன்தினம் ஒரு குழாயை மட்டும் திறந்து அளந்ததுதான் பிழை. மூன்றும் ஒன்றாகத் திறந்தபோது அழுத்தம் இறங்கி ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 1 லிட்டர்தான் வந்தது. அந்த வேகத்தில் மூன்றும் சேர்ந்து அரை மணியில் 150 பேருக்குத்தான் தாங்கும். எல்லாக் குழாயையும் திறந்துவைத்தே அளக்க வேண்டும். இடைவேளைக்கு முன்பே நிரப்பிய, குழாய் வைத்த 20 லிட்டர் கேன்கள் நாளைக்கு நான்கு.

மார்ச் 6

பயணக் கணக்குக்கு, முடிந்தபின் அனுப்பும் இணையப் படிவத்தைச் சிலரே நிரப்புவார்கள். மதிய வரிசை நிற்கும் இடத்தில் 16 கட்டம் போட்ட பலகை வைத்தோம். குறுக்கே நடை அல்லது மிதிவண்டி, பேருந்து அல்லது ரயில், இருசக்கர வாகனம், கார். நெடுக்கே 5 கிலோமீட்டர் வரை, 5–25, 25–100, அதற்கு மேல். ஆளுக்கு ஒரு பொட்டு ஒட்டினால் போதும். விமானத்தில் வரும் பேச்சாளர் கணக்கு தனி. ஒரே ஒரு விமானப் பயணம், குவளை மாற்றிச் சேமித்ததையெல்லாம் விழுங்கிவிடும். தொலைவில் இருப்பவரைக் காணொளியில் பேச அழைப்பது என்ற முடிவு அழைப்பிதழ் போகும் முன்பே எடுக்கப்பட வேண்டியது.

மார்ச் 12

அறிக்கை. 'இத்தனை சதவீதக் குப்பை மீட்கப்பட்டது' என்ற எண்ணை முதல் வரியில் போட வேண்டாம் என்று முடிவு. 100 கிலோ குப்பை உண்டாக்கி 80 சதவீதத்தை உரத்துக்கும் மறுசுழற்சிக்கும் மீட்டால் குப்பைக் கிடங்குக்குப் போவது 20 கிலோ. 40 கிலோ மட்டும் உண்டாக்கி 70 சதவீதம் மீட்டால் 12 கிலோ. சதவீதத்தில் முந்துவது முதல் நிகழ்வு, குறைவாகக் கெடுத்தது இரண்டாவது. அதனால் முதல் வரியில் ஓர் ஆளுக்கு எத்தனை கிராம் குப்பை என்பதே வரும், சதவீதம் அதற்குக் கீழே.

இறுதியாண்டு மாணவர்கள் மே மாதத்தில் போய்விடுவார்கள். எடைத் தாள்கள், கடன் வாங்கிய குவளைப் பட்டியல், குழாய் அளவு, தொட்டி நின்ற இடங்களின் வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில், குழுவின் பொது மின்னஞ்சல் கணக்கில். குவளை 460இல் திரும்பியது எத்தனை என்று நாளை விடுதிச் சமையலறையில் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.