இன்னும் 31 அடி

இந்த ஆண்டுக் கணக்கை முடித்து நோட்டை மூடும் முன் எழுதிவிடுகிறேன். ஓஹாயோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஐந்து கவுண்டித் (நம்மூர் மாவட்டம் மாதிரி) திருவிழாக்கள், ஐந்து முறை டிராக்டர் இழுவை. ஒரு தடவைகூட 300 அடியை எட்டவில்லை. ஒரு தடவை சுத்தமாகப் பூஜ்யம். ஆனால் 142 அடியில் ஆரம்பித்தவன் இன்று 268-இல் நிற்கிறேன்.

இழுவைப் போட்டி என்றதும் ஊரிலுள்ள நண்பர்கள் இரண்டு டிராக்டர்களை முதுகுக்கு முதுகு கட்டி இழுக்கவிடும் பஞ்சாப் காட்சிகளை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. இங்கே எதிராளி ஓர் இழுவை வண்டி, ஸ்லெட் என்கிறார்கள். லாரி டிரெய்லர் போல நீளமானது. பின்னால் சக்கரங்கள், முன்னால் தரையோடு கிடக்கும் அகலமான இரும்புத் தட்டு, மேலே சரிவான தண்டவாளத்தில் ஓர் எடைப்பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருப்பதால் வண்டி சுகமாக உருளும். உருள உருள, அந்தச் சக்கரங்களின் சுழற்சியே பெட்டியை முன்னோக்கி இழுத்து வரும். பெட்டி முன்னே வரும்போது எடை தட்டின்மேல் இறங்குகிறது, தட்டு மண்ணைக் கவ்வுகிறது. முதல் நூறு அடி வெறும் வண்டி. இருநூறைத் தாண்டினால் யாரோ பின்னால் நங்கூரம் போட்டதைப் போல இருக்கும். டிராக்டர் நின்ற இடத்தை அடியில் நூறில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். 300 அடியையும் கடந்தால் 'முழு இழுவை'. இரண்டு பேர் கடந்துவிட்டால் ஸ்லெட்டில் எடையைக் கூட்டி, அவர்களுக்குள் மறுபடியும் இழுக்கவிடுவார்கள்.

நான்கைந்து என்ஜின்களை வரிசையாக மாட்டிக்கொண்டு காதைக் கிழிக்கும் ராட்சதர்கள் மாலையில்தான் வருவார்கள்; கேலரி நிரம்பி வழியும். எங்கள் பழைய டிராக்டர் பிரிவு காலை ஒன்பதரை மணிக்கு. பார்ப்பதற்கு நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் போட்டியாளர்களின் மனைவிமார்.

என்னுடையது 1948-ஆம் ஆண்டு ஃபார்மால் எம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1939 முதல் 1952 வரை தயாரித்த சிவப்பு டிராக்டர். 248 கன அங்குல நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், நிமிடத்துக்கு 1,450 சுற்று. அந்த மூக்கின் வளைவுகளை வடிவமைத்தவர் ரேமண்ட் லோவி. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அழகு குறையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் நடுவில் ஒட்டி நிற்கும், மூன்று சக்கர வண்டி போல. பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் கொட்டகையில் வைக்கோல் தூசிக்குள் கிடந்ததை, அவரே என் ஆசையைப் பார்த்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

குளிர்காலம் முழுவதும் கொட்டகை வேலை. என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைப் பிரித்து முனைகளைத் தேய்த்து மாட்டினேன். கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் செம்மண் குழம்பைப் போல் துரு தேங்கியிருந்தது. டேங்கையே கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. இதில் 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு சேரும். பழக்கதோஷத்தில் நெகட்டிவை மாட்டப் போன என் கையைப் பெரியவர் தட்டிவிட்டார்.

பின் டயர்கள்தான் பெரிய தலைவலி. எடை கூட்டுவதற்காக இங்கே விவசாயிகள் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவது வழக்கம். குளிரில் உறையாது, தண்ணீரைவிடக் கனம். ஆனால் எங்கேயாவது கசிந்தால் ரிம்மைக் கரையான்போல் அரித்துவிடும். எனக்கு வந்த டயரின் வால்வைச் சுற்றி ரிம் பிஸ்கட்டாக நொறுங்கியது. கரைசலை வடித்து ரிம்மை மாற்றினேன். செலவைப் பற்றி வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. டயருக்குள் இருக்கும் எடையை நகர்த்த முடியாது. இரும்பை எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம். இந்த விளையாட்டே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் சேர்ந்தது 5,500 பவுண்டு பிரிவு. ஓட்டுநரோடு சேர்த்து அதற்கு மேல் ஒரு பவுண்டுகூட இருக்கக் கூடாது. டிராக்டர் 4,910, நான் 165. மிச்சம் 425 பவுண்டு இரும்பு. இந்தப் பருவம் முழுவதும் நான் செய்ததெல்லாம் இந்த 425 பவுண்டை முன்னும் பின்னும் தூக்கி மாட்டியதுதான்.

ஜூன், முதல் திருவிழா. "முன்பக்கம் எழும்பினால் பயந்துவிடுவாய்" என்று பெரியவர் எச்சரித்ததால் 425-ஐயும் முன்னால் மாட்டினேன். வேகமாகப் போனால் உந்துதலில் கொஞ்ச தூரம் கிடைக்கும் என்று மூன்றாம் கியர். சங்கிலியை மாட்டினார்கள். தொய்வு போகும்வரை மெல்ல நகர்ந்து நின்றேன். வெட்டி இழுத்தால் கொடி காட்டி நிறுத்திவிடுவார்கள். பச்சைக் கொடி. கிளட்சை விட்டேன். 100 அடிவரை ராஜா மாதிரி போனேன். அப்புறம் என்ஜினின் சத்தம் மாறியது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் முழுதாகத் திறந்துவிட்டதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. டயர் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை. என்ஜின்தான் மூச்சடைத்து நின்றது. 142.35 அடி. பதினொரு பேரில் பதினொன்றாவது.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். போட்டிக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மூன்றாம் கியரில் இந்த வண்டியின் வேகம் மணிக்கு நாலேகால் மைல். கொக்கியில் 33 குதிரைத்திறன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் இழுவிசை சுமார் 2,900 பவுண்டுதான் வரும். முதல் கியரில் வேகம் 2⅝ மைல். அதே திறனுக்கு 4,700 பவுண்டு. மாட்டுக்கு நடைவேகம் குறைந்தால் இழுவை கூடும் என்பதை ஏர் பிடித்தவர்கள் யாரும் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை முதல் வாரம், முதல் கியர். இந்த முறை என்ஜின் அலட்டிக்கொள்ளவே இல்லை, டயர் சுழன்றது. டயரின் பட்டன்கள், அதாவது புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள், மண்ணை வாரி வாரிப் பின்னால் எறிய, வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டியது. ஒரு நொடி தாமதித்துத்தான் கிளட்சை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் முழங்கால் ஆழக் குழி இரண்டு. மண்ணைச் சமன்செய்ய வந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். 198.60 அடி.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் நெல்லிக்குப்பம் ஆலைக்கு இருபது வருடம் கரும்பு லோடு அடித்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எடையெல்லாம் முன்னால் இருந்தால் பின்சக்கரம் எப்படியப்பா மண்ணைப் பிடிக்கும்?" என்றார். சரிதான் என்று அத்தனையையும் பின்னால் மாற்றினேன். சக்கரத்துக்கு ஒன்றாக 140 பவுண்டு, மீதி 145 பின்கொக்கிக்கு மேலே சட்டத்தில்.

ஜூலை கடைசி. இதை விவரமாகச் சொல்ல வேண்டும். 180 அடிவரை எனக்கு வாய்த்த இழுவைகளிலேயே சிறந்த இழுவை அது. பின்சக்கரம் கரகரவென்று மண்ணில் பதிந்து ஏறியது. திடீரென்று ஸ்டீயரிங் சக்கரம் கையில் இலேசாகிவிட்டது. காற்றில் சுற்றுகிறது. எட்டிப் பார்த்தால் முன்சக்கரங்கள் ஒரு சாண் எழும்பி, தொட்டு, மறுபடி எழும்பின. தரையைத் தொடாத சக்கரத்தைத் திருப்பி என்ன பயன்? டிராக்டரில் இடது, வலது பிரேக் தனித்தனியாக இருப்பதே இதற்குத்தான். வலதை மிதித்தால் வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கம் சாய்வதைப் பார்த்து நான் பதற்றத்தில் இடதையே மிதித்தேன். தடத்தின் எல்லையான வெள்ளைக் கோட்டின் சுண்ணாம்பு டயரில் ஒட்டியது. சிவப்புக் கொடி, தகுதி நீக்கம். தூரமே இல்லை.

மறுபடி அப்பா. "முன்னால் ஆள் யாரையும் உட்காரவைக்கவில்லையா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கரும்பு லோடு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். பம்பரில் இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன், ஒரு முறை அந்த ஆளாகவும் இருந்திருக்கிறேன். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. எடைப்பெட்டி ஸ்லெட் வருவதற்கு முன்னால் இங்கே தட்டையான பலகைச் சறுக்குதான் இருந்ததாம். தடத்தின் ஓரம் நெடுக ஆட்கள் நிற்பார்கள். பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். "என் சித்தப்பா நல்ல குண்டு. அவரைக் கடைசி இடத்தில் நிறுத்துவார்கள்" என்றார். அதற்கும் முன்னால் இழுத்தவை குதிரைகள். எட்டு மாநிலக்காரர்கள் கூடி 1969-இல் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்த பிறகுதான் விதிகள் எல்லா ஊருக்கும் பொதுவாயின. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1967 முதல், இங்கே பக்கத்தில் பௌலிங் கிரீனில் தேசியப் போட்டி நடக்கிறது.

இம்முறை கணக்கோடு உட்கார்ந்தேன். கொக்கி தரையிலிருந்து 20 அங்குலம்; எங்கள் பிரிவில் அதுதான் உச்சவரம்பு. முன், பின் அச்சுகளுக்கு இடையே நாடா வைத்து அளந்தால் 89 அங்குலம். 3,000 பவுண்டு இழுக்கும்போது 3,000-ஐ 20-ஆல் பெருக்கி 89-ஆல் வகுத்தால் 674. அதாவது அவ்வளவு எடை முன்சக்கரத்திலிருந்து தானாகவே பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. 4,500 இழுத்தால் ஆயிரத்துக்கு மேல். பின்னால் நான் தனியாக மாட்ட வேண்டியதே இல்லை; ஸ்லெட்டே எடுத்துக் கொடுக்கிறது. இழுவையின் கடைசி நொடியில் முன்சக்கரம் மண்ணை உரசிக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படும் அளவு மட்டும் எடை மிஞ்சினால் போதும். அதற்கு மேல் முன்னால் இருப்பது வீண், குறைந்தால் ஆபத்து.

ஆகவே ஆகஸ்டில் 145 முன்னால், 280 பின்சக்கரங்களில். டயர் காற்றையும் கொஞ்சம் குறைத்தேன், மண்ணில் பதியும் பரப்பு கூடட்டும் என்று. எடை மேடையில் ஏறினால் 5,506! ஆறு பவுண்டு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பூட்ஸைக் கழற்று என்றார் ஒருவர். விதிப்படி பூட்ஸ் இல்லாமல் ஏற முடியாது. கடைசியில் டேங்கிலிருந்து ஒரு கேலன் பெட்ரோலை வடித்தோம். கேலனுக்கு ஆறு பவுண்டு, கச்சிதம். அன்று காலை திருவிழாக் கடையில் சர்க்கரை தூவிய ஃபனல் கேக்கை முழுதாகத் தின்றது நான்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. 241.12 அடி. ஏழாவது இடம்.

செப்டம்பர், கடைசித் திருவிழா. குலுக்கலில் எட்டாவதாக இழுக்கும் இடம் எனக்கு. அது அதிர்ஷ்டம், முன்னால் போன ஏழு பேரும் எங்கே வழுக்கினார்கள் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நடுத்தடம் எல்லோரும் ஓட்டி ஓட்டிப் பொடியாகிக் கிடந்தது. வலது ஓரம், வெள்ளைக் கோட்டிலிருந்து ஆறேழு அடி உள்ளே, மண் கருத்து ஈரமாக இருந்தது. காலையில் தண்ணீர் வண்டி திரும்பிய இடம் அது என்று நினைக்கிறேன். போன தடவை முன்சக்கரம் கொஞ்சம் அதிகமாகவே மண்ணில் அழுந்தியதால் 30 பவுண்டைப் பின்னுக்கு மாற்றியிருந்தேன்.

முதல் கியர். வலது ஓரம். 200 வரை எதையும் யோசிக்கவில்லை. 220-இல் சத்தம் கனத்தது, ஆனால் தடுமாறவில்லை. முன்சக்கரங்கள் இரண்டு விரல் எழும்பும், இறங்கும். வலது பிரேக்கில் கட்டைவிரல் அளவு அழுத்தம் போதுமாக இருந்தது. 250-ஐத் தாண்டியதும் டயர் ஒரு சுற்றுக்குப் பாதிதான் நகர்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. அப்புறம் கால் பங்கு. அப்புறம் ஒன்றுமில்லை. இந்த முறை குழி விழும் முன்பே கிளட்சை மிதித்தேன். ஒலிபெருக்கியில் 268.87 என்றார்கள். ஆறாவது. ஆறு பேர்வரை பரிசு உண்டு. எனக்கு 15 டாலர். நுழைவுக் கட்டணம் 20.

முதலில் வந்தவரும் ஃபார்மால் எம் வண்டிதான் வைத்திருக்கிறார், 304 அடி. பரிசளிப்பு முடிந்ததும் அவர் என் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து டயரின் பட்டன்களை விரலால் தடவினார். விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன என்றார். தன்னுடையதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். புது அரிவாள்மணை மாதிரி இருந்தது. அடுத்த மாதம் ஒரு பண்ணை ஏலத்தில் அதே 38 அங்குல ரிம்முக்கு, அதிகம் தேயாத ஒரு ஜோடி வருகிறதாம். தேதியைக் கைபேசியில் குறித்துக்கொண்டேன். ரிம் செலவையே இன்னும் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை.