தகரக் கூரையும் பிலிம் றோலும்

பிலிமுக்கு எதிரி எது என்று கேட்டால் எல்லாரும் வெக்கை என்றுதான் சொல்வார்கள். வன்னியில் ஸ்ரூடியோ வேலை பழகிய எனக்கு அது பாதிப் பதில். எங்களைப் படாதபாடு படுத்தியது வெக்கை ஏறி இறங்குவதும், அதோடு சேர்ந்து வரும் ஈரமும்.

1990களில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை. புதுக்குடியிருப்பில் நான் வேலை பழகிய ஸ்ரூடியோவில் பின்னேரங்களில் மட்டும் ஜெனரேற்றர் ஓடும். பக்கத்துக் கூல்பாரில் பிறிட்ஜ் இருந்தது. அங்கே றோல்களை வைத்தால் என்ன என்று கேட்டேன். முதலாளி அண்ணை விடவில்லை. "இரவிலை குளிரும், பகலிலை வேர்க்கும். வேர்க்கிற பெட்டிக்குள்ள வைச்சு என்னத்தைத் தம்பி காக்கிறது?" அவர் சொன்னது சரி. நாளுக்கு நாலு மணித்தியாலம் குளிர்ந்து மிச்ச நேரம் நனையும் பிறிட்ஜை விட, எப்போதும் ஒரே மாதிரி மிதமாக இருக்கும் இடம் மேல்.

அப்படியொரு இடத்தை அவர் தன் வீட்டில் வைத்திருந்தார். கடை தகரக் கூரை, மத்தியானத்தில் போறணைதான். வீடு கிடுகு வேய்ந்தது. வீட்டின் நிழல் மூலையில் ஒரு கிடங்கு வெட்டி, காய்ந்த மணல் பரப்பி, அதற்குள் பால்மாப் பேணியை இறக்கி மூடிவிடுவார். பேணிக்குள் றோல்கள், கூடவே ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசி. அரிசியைப் பொன்னிறம் தாண்டும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டுக் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் அதுவே பேணிக்குள் ஆவி விடும். இடைக்கிடை முடிச்சை அவிழ்த்து இரண்டு அரிசியைப் பல்லில் கடித்துப் பார்ப்போம். மொறுமொறுப்புப் போயிருந்தால் ஈரம் குடித்துவிட்டது, திரும்ப வறுக்கவேண்டும். மாரியில் கிடங்குக்குள் தண்ணி ஊறும். அப்போது பேணி பரணுக்கு ஏறிவிடும்.

றோலின் பிளாஸ்டிக் டப்பியை முன்கூட்டியே திறப்பதற்கு அவர் யாரையும் விட்டதில்லை. உள்ளே இருப்பது கொம்பனியில் உலர்ந்த இடத்தில் அடைத்த காற்று. ஒருமுறை திறந்தால் உள்ளே போவது எங்கள் ஊர்க் காற்று. மண்ணெண்ணெய், பெயின்ற், பூச்சி உருண்டை மணம் அடிக்கும் இடங்களும் ஆகாது. சேலை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தேன் என்று றோலோடு வருபவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், முகம் மட்டும் மாறும்.

கலர் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்கென்று தனித்தனிப் படைகள் இருக்கின்றன. பழசாகும்போது மூன்றும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. அதனால்தான் பழைய றோலில் எடுத்த கலியாணப் படத்தில் கூறையின் சிவப்பைச் சரிக்கட்டினால் பொம்பிளையின் முகம் வேறு நிறத்துக்கு ஓடுகிறது. கறுப்பு வெள்ளைக்கு இந்த வில்லங்கம் இல்லை. மூட்டம் போட்டதுபோலப் புகார் ஏறும், கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், ஆனால் ஆளை அடையாளம் தெரியும். அடையாள அட்டைக்கு அப்போது கறுப்பு வெள்ளைப் படம்தான் என்பதால் நாள் கடந்த றோல்கள் அந்தப் பக்கம் போகும். புதிய கலர் றோல்கள் கலியாணத்துக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஒதுக்கப்படும். வைகாசிப் பொங்கல் கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கிற காலம், கமராப் பையையே ஈரத் துணியால் போர்த்திக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணி உள்ளே இறங்காதவரை அது நல்ல யோசனைதான்.

2002இல் சண்டை நின்று ஏ9 பாதை திறந்தபின் றோல் தாராளமாக வரத் தொடங்கியது. கிடங்கின் தேவை குறைந்தது. பிறகு டிஜிட்டல் வந்தது, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இப்போது கிளிநொச்சியில் பிலிம் கமராவோடு திரியும் பொடியங்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இன்று கறண்ட் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு அரிசி வறுக்கச் சொல்வதில்லை. கிட்டடியில் பாவிப்பதென்றால் பிறிட்ஜின் கீழ்த்தட்டு, வருசக்கணக்கில் வைப்பதென்றால் பிறீசர். டப்பியோடு, காற்றுப் போகாத பொலித்தீன் பையில் போட்டு வைக்கவேண்டும். வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த பிலிமில் காற்றின் ஈரம் படிந்துவிடும். பிறிட்ஜ் என்றால் ஒரு மணித்தியாலம், பிறீசர் என்றால் அதற்கும் மேலே பொறுக்கவேண்டும். விடியப்புற முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவே எடுத்து மேசையில் வைத்துவிடுவது சுகம்.

பிறீசராலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் கதிர்வீச்சுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. அது மெல்ல மெல்லப் புகாரேற்றும், வேகம் கூடிய, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் பிலிமில் இன்னும் கெதியாக. ஆகவே வேக எண் 400, 800 என்று போட்ட றோல்களை முதலில் எடுத்து முடியுங்கள், 100 காத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதென்றால் கைப்பையில் கொண்டுவந்து, எக்ஸ்ரே மெசினுக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.

போன கிழமை ஒருவன் வந்தான். யாரோ வீட்டு லாச்சியில் பத்து வருசத்துக்கு மேலாகக் கிடந்த 400 கலர் றோல். கமராவில் வேகத்தை 200 என்று வைத்து, வெளிச்சத்தைக் கூடக் கொடுத்து எடு என்றேன்.

"அண்ணை, அக்காவின்ர கலியாணத்துக்கு எடுக்கலாமோ?"

"கோழிக்குஞ்சுகளை எடு. அக்காவுக்குப் புது றோல் வாங்கு."