ஐம்பது கஜத்தில் ஒரு குறுக்குக்கோடு

"துப்பாக்கியைத் தொடாதே. தலையை மட்டும் அசை" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

மணல்மூட்டை மேல் .22 ரைஃபிள், சிறு குண்டுத் துப்பாக்கி, அசையாமல் கிடந்தது. அதன் மேல் நான் வாங்கிய ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. அதற்குள் பார்த்தபடி கண்ணை இடமும் வலமுமாக நகர்த்தினேன். 50 கஜம் தள்ளி, கால் டாலர் நாணயம் அளவு கறுப்பு வட்டம். அதன் நடுவில் நின்ற குறுக்குக்கோடு கிட்டத்தட்ட ஓரம் வரை வழுக்கிப் போய்த் திரும்பியது.

இதுதான் பாரலாக்ஸ்: கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் குறியை விட்டு நகர்வதுபோல் தெரிவது. ஸ்கோப்பை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்திருக்கிறார்களோ அங்கே மட்டும் கோடு நகராது. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்திருப்பார்கள். .22-க்கென்று வருவது 50 கஜத்துக்கு.

நான் அதைக் கவனிக்காமல் 24 மடங்கு உருப்பெருக்கத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். மலிவுக் கண்ணாடியில் அத்தனை மடங்கு வைத்தால் படம் மங்கலும் இருட்டும்தான்.

பென்சில்வேனியாவின் இந்தப் பண்ணைப் பக்கத்தில் பிள்ளைகள் .22-இல்தான் சுடப் பழகுகிறார்கள். என் மகளும்தான். குறி தப்பினால் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பெரியவர் தன் பழைய நான்கு மடங்கு ஸ்கோப்பை மாட்டினார். ஐந்து குண்டு சுட்டார். பிறகு குறியை நகர்த்தும் திருகை 16 கிளிக் வலப்பக்கம் திருப்பினார்; 50 கஜத்தில் அது இரண்டு அங்குலம். மறுபடி 16 கிளிக் இடப்பக்கம்.

"விலையைப் பார்க்காதே. திரும்பி வருகிறதா என்று பார்."

கடைசிக் குண்டு பழைய துளைகளுக்குள்ளேயே விழுந்தது. மகள் ஓடிப்போய் அந்தக் காகிதத்தைக் கழற்றி வந்து மடிக்காமல் வைத்திருக்கிறாள்.