98ஆ, 99ஆ: தேர்தலுக்குப் பிறகு வீடு வீடாகப் படிவம் நிரப்பிய அனுபவம்

2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சில கிழமைகளில் திருகோணமலை மாவட்டத்தில் மக்கள் கருத்துக் கணிப்பு ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தமிழ் பேசுகிற பெண்கள் தேவை, படிவம் ஒன்றுக்கு இவ்வளவு காசு, பஸ் செலவு தனி என்றார்கள். போனேன். இன்றைக்கும் தேர்தல் வந்தால் இந்த வேலைக்குப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். அப்படிப் போக இருக்கிற இரண்டு மூன்று பேர் என்னிடம் விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

அந்த நேரத்து நிலைமையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மஹிந்த ராஜபக்ஷவுக்கு 57.88 வீதம், சரத் பொன்சேகாவுக்கு 40.15 வீதம். வித்தியாசம் 18 லட்சத்துக்கு மேல். பொன்சேகா முடிவை ஏற்கவில்லை. அவர் தங்கியிருந்த கொழும்பு ஹோட்டலைச் சுற்றி ஆமி நின்றது, பெப்ரவரி 8 ஆளையே பிடித்துக்கொண்டு போனார்கள். தேர்தல் ஆணையாளர் தயானந்த திஸாநாயக்க முடிவை அறிவிக்கிற இடத்திலேயே, இந்த நெருக்குதலோடு இனி வேலை செய்ய ஏலாது என்று மனம் விட்டுப் பேசினார். சந்திக்குச் சந்தி ‘கொம்பியூட்டர் ஜில்மாட்’, அதாவது கொம்பியூட்டரில் கணக்கை மாற்றிவிட்டார்கள் என்ற கதைதான். எங்கள் மாவட்டத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழ்: பொன்சேகா 54 வீதம், ராஜபக்ஷ 43 வீதம். சேருவில தொகுதி ராஜபக்ஷவின் வெற்றிலைச் சின்னத்துக்கு, திருகோணமலையும் மூதூரும் பொன்சேகாவின் அன்னத்துக்கு. ஆகவே தோற்றவருக்குப் போட்ட ஊர்களில், வென்றவரின் ஆட்சியில், அவசரகாலச் சட்டம் நடப்பில் இருக்கும்போது, ‘தேர்தல் நீதியாக நடந்ததா?’ என்று கேட்கப் போகிறோம். பயிற்சி வகுப்பில் இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பயிற்சி என்னவோ நல்ல பயிற்சிதான். ஒரு கிராம சேவகர் பிரிவு தருவார்கள். அதில் கோயிலோ பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ தொடக்கப் புள்ளி. அங்கிருந்து வலக்கைப் பக்கமாக நடந்து, சொன்ன எண்ணிக்கை வீடுகளை விட்டு அடுத்த வீட்டுக் கேற்றைத் தட்ட வேண்டும். வீட்டுக்குள் போனதும், வாயாடுகிற ஆளையோ சும்மா இருக்கிற ஆளையோ பிடிக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் வயது வரிசையில் எழுதி, வீட்டில் ஓர் ஆளைத் தெரிவு செய்கிற கிஷ் அட்டவணை யாரைக் காட்டுகிறதோ அவரிடம் மட்டும்தான் கேட்கலாம். அவர் இல்லாவிட்டால் திரும்ப வர வேண்டும். ‘ஆள் வெளியில, நான் சொல்லுறன் எழுதுங்க’ என்று மனைவி சொன்னாலும் ஏலாது. கேள்வி வரிசையிலும் ஒரு தந்திரம் இருந்தது. முதலில் தண்ணீர், றோட்டு, அரிசி விலை. பிறகு பொலிஸ், நீதிமன்றம், ஆணையாளர் மீது நம்பிக்கை. ஆள் கொஞ்சம் இளகிய பிறகு தேர்தல். கடைசியில்தான் யாருக்குப் போட்டீர்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் இரண்டு பெட்டிகள்: 98 ‘தெரியாது’, 99 ‘பதில் சொல்ல விரும்பவில்லை’. சொன்னதைச் சொன்னபடி குறிக்க வேண்டும், நாங்களாக ஊகிக்கக் கூடாது என்பது கட்டளை.

திருக்கடலூரில் அட்டவணை காட்டியது ஒரு வீட்டு மூத்த மகனை. கடலுக்குப் போயிருந்தார். மறுநாள் தோணிகள் கரைக்கு வருகிற நேரம் பார்த்துப் போனேன். வலையை மடியில் வைத்துக்கொண்டே விலைவாசிக் கேள்விகளுக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னார், மண்ணெண்ணெய் விலைக்கு இரண்டு தூஷணமும் சேர்த்து. தேர்தல் பக்கத்தைப் புரட்டினேன். கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனையைத்தான் பார்த்தார்.

“அக்கா, பென்சிலால எழுத ஏலாதா?”

பேனையால்தான் எழுத வேண்டும் தம்பி, சட்டம் அப்படி என்றேன்.

“அப்ப எல்லாத்துக்கும் தெரியாதெண்டு போடுங்க.”

போட்டேன். 98, 98, 98. ஆணையாளர் நடுநிலையாக இருந்தாரா, தெரியாது. எண்ணும் இடத்தில் நேர்மை இருந்ததா, தெரியாது. யாருக்குப் போட்டீர்கள் என்ற கேள்விக்கும் தெரியாது! மூன்று கிழமைக்கு முன் வரிசையில் நின்று புள்ளடி போட்ட மனிதருக்கு யாருக்குப் போட்டதென்று தெரியாது என்று நான் கையெழுத்து வைத்த படிவம் சொல்கிறது.

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறு மாதிரி. பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்து வகுப்பே எடுத்தார். வாக்கு எண்ணுவது கையால், கட்சி முகவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், ஒவ்வொரு எண்ணும் நிலையத்துத் தொகையும் எழுதிக் கையெழுத்தாகும், கொம்பியூட்டர் கடைசியில் கூட்டுகிற வேலை மட்டும்தான், முகவர்கள் தங்கள் தாள்களைச் சேர்த்துக் கூட்டினால் ஜில்மாட் உடனே பிடிபடும் என்றார். “எண்ணினது சரி பிள்ளை. அதுக்கு முந்தி நடந்ததுதான் பிழை.” அரச தொலைக்காட்சி இரவு பகலாக ஒருவருக்கே பாடியது, அதைக் கட்டுப்படுத்த ஆணையாளர் ஓர் அதிகாரியை நியமித்தும் ஒருவரும் கேட்காததால் திருப்பி எடுத்தது, அரச பஸ்களில் கூட்டத்துக்கு ஆள் ஏற்றியது என்று அடுக்கினார். சரி ஐயா, நீதியானதா, ஓரளவு நீதியானதா, நீதியற்றதா என்று கேட்டேன். மூன்றில் ஒன்றுக்குள் தன்னை அடைக்க மறுத்துவிட்டார். அதற்கு 99. நாட்டில் அந்தத் தேர்தலைப் பற்றி ஆகத் தெளிவாக யோசித்து வைத்திருந்த ஒரு மனிதர், எங்கள் கணக்கில் பதில் சொல்லாதவர்.

கிண்ணியாவுக்குப் போவது லேசாக இருந்தது. முந்திய ஒக்டோபரில்தான் பாலம் திறந்திருந்தார்கள். அதற்கு முன் ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த சுப்பர்வைசர், பாலம் கட்டிக் கொடுத்த ஆளுக்குத்தானே இங்கே போட்டிருப்பார்கள் என்றார். மூதூர் தொகுதி முடிவை அவர் பார்க்கவில்லைப் போலும், கிண்ணியா அதற்குள்தான் வருகிறது. ஒரு வயதான உம்மா என் தலையைத் தடவி, “பாலம் நல்லம் மகள், அல்லாஹ் பொறுப்பு. வோட்டு வேற கத” என்றார். அந்த வேறு கதையை அவர் சொல்லவேயில்லை.

கிளிவெட்டி முகாமில் இந்த வலக்கைப் பக்க நடையே அபத்தமாகிவிட்டது. தகரமும் தறப்பாளும் போட்ட கொட்டில்கள், வேலி இல்லை, வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. 2006 இல் சம்பூரை விட்டு ஓடி வந்த சனம். “ஆர் வெண்டா என்ன தங்கச்சி, ஊருக்கு எப்ப விடுவாங்களாம்?” என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில். யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி ஒருவர், அந்த யுத்தத்தில் இராணுவத் தளபதியாக இருந்தவர் மற்றவர். பொன்சேகாவுக்குப் போடச் சொல்லி சம்பந்தன் ஐயாவும் அவருடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கேட்டார்கள், போட்டார்கள். முடிவில் மோசடி நடந்ததா என்ற சண்டை இவர்களுக்கு அடுத்த வளவுச் சண்டை. எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டால் தெரிவைப் பற்றிப் பேசினார்கள். கந்தளாய்ப் பக்கம் போன சிங்களத் தோழி சொன்னாள், அங்கே படிவம் ஒன்று அரை மணித்தியாலத்துக்குள் முடிந்ததாம், நீதியானது என்பவரும் களவு என்பவரும் உடனே சொன்னார்களாம். எனக்கு ஒரு மணித்தியாலமும் போதவில்லை.

கடைசிக் கேள்விக்கு இடையில் ஒரு மாற்றம் கொண்டு வந்தார்கள். சின்ன வாக்குச்சீட்டு மாதிரி ஒரு துண்டு, ஒரு கடித உறை. நான் திரும்பி இருப்பேன், அவர் புள்ளடி போட்டு ஒட்டித் தர வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த யாரோதான் மேலே இருந்திருக்க வேண்டும், அதுவரை வராத பதில்கள் வரத் தொடங்கின. ஆனால் உறையின் மூலையில் படிவ இலக்கம் எழுதியிருந்தது. இரண்டையும் பொருத்த அது தேவையாம். அந்த இலக்கத்தைச் சனம் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. சிலர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெறுமையாகவே ஒட்டித் தந்தார்கள்.

அறிக்கை வந்தபோது பிரதி ஒன்று கைக்குக் கிடைத்தது. 98 ஐயும் 99 ஐயும் ஒன்றாக்கி ‘கருத்து இல்லை’ என்று ஒரே நிரல். வடக்கு கிழக்கு வரியில் அந்த நிரல்தான் பருத்துக் கிடந்தது. கீழே விளக்கம்: இப்பகுதி மக்களிடம் தேசிய அரசியலில் ஆர்வம் குறைவு. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பொன்சேகா போட்ட தேர்தல் மனுவும் அதே வருஷம் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. பத்திரிகைகளுக்கு விஷயம் முடிந்துபோனது.

போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். படிவத்தில் குறிப்பு எழுத இடம் கேளுங்கள், தராவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். ‘தெரியாது’ என்று ஆள் எப்படிச் சொன்னார், எந்தக் கேள்வியில் குரல் இறங்கியது, அந்த நேரம் வாசலில் யார் நின்றார் என்று எழுதுங்கள். கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கடிதம் மட்டும் வாங்குங்கள். அவர் பக்கத்தில் நின்றால் எல்லாரும் அரசாங்கத்துக்கு நூறு மார்க்ஸ் போடுவார்கள்.

2015 ஜனவரி 8 தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்ற பிறகு இன்னொரு கணிப்புக்குப் போனேன். மாவட்டத்தில் அவருக்கு 70 வீதத்துக்கு மேல். அவருக்கும் அன்னம்தான் சின்னம். திருக்கடலூர்ப் பக்கம் கேற்றடியிலேயே கதை தொடங்கிவிட்டது, கேள்வி கேட்கவே விடவில்லை. “போன முறையும் நாங்க அன்னத்துக்குத்தான் போட்டம், அப்ப சொல்லேலாது” என்று ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். 2015 படிவத்தில் 2010 ஐப் பற்றிக் கேள்வி ஒன்றும் இல்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினேன். தேவையில்லாத குறிப்புகளால் தரவு பதிகிறவர்களுக்குச் சிரமம் என்று சுப்பர்வைசர் ஃபோன் எடுத்துச் சொன்னார்.