யால்டாவுக்கு முன்பே

அக்டோபர் 9, வியாழன், பெர்லின்

1944-இல் இதே தேதி இரவில்தான் மாஸ்கோவில் சர்ச்சிலும் ஸ்டாலினும் பால்கனை, அதாவது தென்கிழக்கு ஐரோப்பாவை, பங்கு போட்டுக்கொண்டார்கள். சர்ச்சில் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிக்குப் பாதி, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் அடித்துத் திருப்பித் தள்ளினார். பிறகு சர்ச்சிலுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். எரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். சர்ச்சிலே எழுதி வைத்தது இது.

அடுத்து இருவரின் வெளியுறவு மந்திரிகள் ஈடனும் மொலோடோவும் உட்கார்ந்து, மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல் பேசி, ஹங்கேரியையும் பல்கேரியாவையும் ரஷ்யாவுக்கு 80 ஆக்கினார்கள். ஒரு நாட்டில் 80 சதவீதம் என்றால் என்ன? போலீஸா, ரயிலா, மந்திரி சபையா? யாரும் விளக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

மதியச் சாப்பாட்டில் வாதம். போலந்துக்காரத் தோழி, வழக்கம்போல, "யால்டாவில் எங்களை விற்றுவிட்டார்கள்" என்றாள். 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் கிரிமியாவின் யால்டாவில் கூடும்போது போலந்துத் தலைநகர் வார்சா ஏற்கெனவே சோவியத் செஞ்சேனை கையில். ஜெர்மனியை வென்றபின் எப்படி மண்டலங்களாகப் பிரித்துக்கொள்வது என்ற வரைபடமும் 1944 செப்டம்பரிலேயே லண்டனில் ஒரு கமிட்டி போட்டு முடித்தது. யால்டாவில் விற்க என்ன மிச்சம் என்றேன்.

"அப்புறம் எதற்கு யால்டாவில் போலந்துக்குச் சுதந்திரத் தேர்தல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்?" என்றாள். அவள் பாட்டி குடும்பம் அன்றைய கிழக்குப் போலந்தின் லிவோவ் ஊர். ஊர் சோவியத் பக்கம் போனது, குடும்பம் மேற்கே ஜெர்மானியர் காலி செய்துபோன விரோட்ஸ்வாஃபில் குடியேறியது. போலந்தின் 1947 ஜனவரித் தேர்தலில் நடந்த தில்லுமுல்லு ஊருக்கே தெரியும். இதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

வேலை முடிந்து டெம்பல்ஹோஃப், பெர்லினின் பழைய விமான நிலையம். ஓடுபாதையில் இப்போது சைக்கிளும் பட்டமும்.

பெர்லின் சோவியத் மண்டலத்துக்கு நடுவே இருந்த ஊர், ஆனால் ஊருக்குள் மேற்கு நாடுகளுக்கும் பங்கு உண்டு. மேற்கத்தியர் சாலையிலும் ரயிலிலும் வந்துபோக உறுதியான எழுத்து எதுவும் இல்லை. மூன்று வான்பாதைகளுக்கு மட்டும் 1945 நவம்பரில் எழுதி வாங்கியிருந்தார்கள். 1948 ஜூனில் சாலையையும் தண்டவாளத்தையும் ஸ்டாலின் அடைத்தார். வான்பாதையில் கை வைக்கவில்லை. அந்த வழியாகத்தான் விமானங்களில் சுமார் 23 லட்சம் டன் சரக்கு வந்து இறங்கியது, பெரும்பகுதி நிலக்கரி.

எனக்கு உறுத்துவது இதுதான். எல்லையைப் பற்றி எழுதியதை இரு தரப்பும் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். உள்ளே இருந்த மனிதர்களைப் பற்றி எழுதியதைத்தான் காற்றில் பறக்கவிட்டார்கள்.

அக்டோபர் 18, சனி, மோட்லராய்ட்

தாண்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் டான்பாக் ஓடை. ஒரு கரை பவேரியா, மறு கரை துரிங்கியா. இரண்டு பழைய சமஸ்தானங்களின் எல்லை இது. லண்டன் கமிட்டி புதுக் கோடு எதுவும் போடவில்லை. இருந்த நிர்வாக எல்லைகளின் மேலேயே பேனாவை ஓட்டியது. அதனால் ஒரு கிராமம் அமெரிக்க மண்டலம் பாதி, சோவியத் மண்டலம் பாதி. 1966-இல் நடுவே 700 மீட்டர் சுவரும் வந்தது. கொஞ்சம் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் போய்த் தொட்டேன், சாதாரண கான்கிரீட்.

துரிங்கியாவைப் பிடித்தது அமெரிக்கப் படை. லைப்சிக்கும் அவர்கள் கையில்தான் இருந்தது. 1945 ஜூலைத் தொடக்கத்தில் ஒப்பந்தப்படி காலி செய்து கொடுத்துவிட்டு, பெர்லினில் தங்கள் பங்குக்குள் நுழைந்தார்கள். துரிங்கியாக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தோழிக்கு மோட்லராய்ட் படங்கள் அனுப்பினேன். "கிரீஸையும் சேர்த்துக்கொள்" என்று பதில். நியாயம்தான். 1944 டிசம்பரில், ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய இடதுசாரிக் கெரில்லாக்களோடு ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படை சண்டை போட்டது. ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. 90 சதவீதம் பிரிட்டனுடையது அல்லவா. உள்நாட்டுப் போர் 1949 வரை இழுத்தது.

அடுத்த மாதம் அவளோடு விரோட்ஸ்வாஃப் போவதாகப் பேச்சு. பாட்டி வீட்டில் ஜெர்மன்காரர் விட்டுப்போன அலமாரி இன்னும் இருக்கிறதாம்.